பேருந்தும் பாஞ்சோவும்: ப்ளூகிராஸ் குழுக்களின் கோடைக்காலம்

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வேர்கொண்ட ப்ளூகிராஸ் இசையை ஒலிப்பதிவுகளை மட்டும் கொண்டு அறிய முயல்வோர் அதன் பாதியை மட்டுமே அறிகின்றனர். அந்த இசையின் வேகம், குழுவின் அளவு, கலைஞர்கள் மேடையில் நிற்கும் முறை, இளையவர் மூத்தவரிடம் பாடம் கற்கும் வழி ஆகிய அனைத்தும் ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் வாழ்க்கையால் உருவானவை. மே மாத இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீளும் கோடைக்காலமே இக்குழுக்களின் முதன்மையான உழைப்புக் காலம். ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதியை அந்தச் சில மாதங்களிலேயே ஈட்டியாக வேண்டிய குழுக்கள் பல. இந்த இசையின் வரலாறு என்று பொதுவாக எழுதப்படுவது பாடல்களின் வரலாறாகவே இருக்கிறது. பயணத்தின் வரலாறும் அதற்கு இணையாக எழுதப்பட வேண்டியது.

மாண்டலின், பிடில், ஐந்து தந்திப் பாஞ்சோ, கிதார், டபுள் பாஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே வழக்கமான ப்ளூகிராஸ் குழு. பிடில் என்பது தமிழர் கச்சேரிகளில் கேட்கும் அதே வயலின், மாண்டலினை யு. ஸ்ரீநிவாஸ் வழியாகத் தமிழ் ரசிகர்கள் நன்கறிவர் என்றாலும், அவர் கையில் மின்கருவியாக ஒலித்த அது இங்கே மின்சாரமின்றி, இரண்டிரண்டாகக் கட்டிய எட்டுத் தந்திகளுடன் வாசிக்கப்படுகிறது. வட்டமான உடலின்மேல் தோல் போர்த்திய பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வாத்தியங்களிலிருந்து பிறந்தது. மரபான குழுவில் தாளக்கருவி இல்லை. பாஸ் முதன்மைத் தட்டுகளைத் தாங்க, அவற்றுக்கு இடைப்பட்ட தட்டுகளில் மாண்டலின் கலைஞர் தந்திகளை அழுத்தி வெட்டினாற்போல் ஒலிக்கச் செய்யும் அடியே தாளமாகிறது. ஒருவர் பின் ஒருவராகக் கலைஞர்கள் முன்வந்து மெட்டைத் தம் போக்கில் விரித்து வாசிப்பதும், உச்ச ஸ்தாயியில் மூன்று அல்லது நான்கு குரல்கள் ஒத்திசைந்து பாடுவதும் இதன் அடையாளங்கள்.

இவ்வடிவத்தை நிலைநிறுத்தியவர் கென்டக்கி மாநிலத்தின் ரோசைன் என்னும் சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்ரோ. தாய்மாமன் பென் வேண்டிவரின் பிடிலும், ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரின் கிதாரும் அவருடைய இளமைப் பாடங்கள். 1939 அக்டோபரில் நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் அவர் இடம்பெற்றார். சனிக்கிழமை இரவுதோறும் நேரடியாக ஒலிபரப்பான அந்த நிகழ்ச்சியை டபிள்யூஎஸ்எம் நிலையத்தின் 50,000 வாட் அலைபரப்பி பல மாநிலங்களுக்குக் கொண்டுசென்றது. வானொலியில் கேட்டவர்கள் நேரில் பார்க்க விரும்பினர். வானொலி தந்த சம்பளமோ குடும்பம் நடத்தப் போதாதது. ஆகவே ஞாயிறு தொடங்கி வெள்ளி வரை பள்ளி அரங்குகளிலும் திரையரங்குகளிலும் வாசித்துவிட்டு, எத்தனை தொலைவில் இருந்தாலும் சனிக்கிழமை இரவுக்குள் நாஷ்வில் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டாயம் பிறந்தது. நீட்டிக் கட்டப்பட்ட ஒரு செவ்ரோலே காரில், கூரையில் பாஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு மன்ரோவும் குழுவினரும் அந்தக் கட்டாயத்தை வாரந்தோறும் நிறைவேற்றினர்.

1940களில் மன்ரோ தமக்கென்று ஒரு பெரிய கூடாரத்தையே வாங்கிக் கோடைப் பயணங்களில் எடுத்துச் சென்றார். அரங்கம் இல்லாத ஊர்களிலும் நிகழ்ச்சி நடத்த அது வழிசெய்தது. கூடாரம் அடிப்பதும் பிரிப்பதும் இருக்கை போடுவதும் பயணக் குழுவின் அன்றாட வேலைகளாயின. ஊரின் கவனத்தை ஈர்ப்பதற்காகக் குழுவுடன் ஒரு பேஸ்பால் அணியும் சென்றது. மாலையில் உள்ளூர் அணியுடன் ஆட்டம், இரவில் கச்சேரி என்பது வழக்கம். பாஞ்சோ வாசித்த டேவிட் ஏக்மேன் பந்து வீசுவதிலும் தேர்ந்தவர். அக்கார்டியன் வாசித்த சாலி ஆன் ஃபாரஸ்டர் நுழைவுச்சீட்டுப் பணத்தையும் கவனித்துக்கொண்டார். ப்ளூகிராஸ் ஆண்களின் இசை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த நிலையில், அதன் முதல் பயணங்களிலேயே ஒரு பெண் வாத்தியத்தையும் பணப்பெட்டியையும் ஒருசேரக் காத்தார் என்பது அழுத்திச் சொல்லப்பட வேண்டிய செய்தி. அதேபோல், ஆப்ரியின் புகழ்பெற்ற ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர் என்பதால், மன்ரோ முதலியோருடன் பயணம் செய்தபோது, மேடையில் கைதட்டல் பெற்ற ஊர்களிலேயே விடுதி அறையும் உணவும் கிடைக்காமல் அலைக்கழிக்கப்பட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே சாலையில் சென்றாலும் சாலை எல்லோரையும் ஒன்றாக நடத்தவில்லை.

1945 டிசம்பரில் 21 வயது ஏர்ல் ஸ்க்ரக்ஸ் இக்குழுவில் சேர்ந்தார். கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் இடைவிடாது சுழலும் அவருடைய பாஞ்சோ வாசிப்பும், லெஸ்டர் ஃபிளாட்டின் கிதாரும் குரலும், சப்பி வைஸின் பிடிலும், ஹோவர்ட் வாட்ஸின் பாஸும் மன்ரோவின் மாண்டலினோடு இணைந்தபோது இந்த இசை முழு வடிவம் பெற்றது. ஐவர் என்ற அளவே ஒரு காருக்குள் அடங்கும் அளவு என்பதும், இத்தனை கச்சிதமான ஒத்திசைவு நாள்தோறும் ஒன்றாக வாசித்தவர்களுக்கே கைகூடும் என்பதும் கருதத்தக்கவை. ஓய்வற்ற அலைச்சலே அந்தக் குழுவைக் கலைக்கவும் செய்தது. ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் 1948இல் விலகித் தனிக்குழு அமைத்தனர். 'மார்த்தா ஒயிட்' என்னும் மாவு நிறுவனத்தின் ஆதரவுடன் அவர்கள் வாரம் முழுவதும் வெவ்வேறு ஊர்களில் வாசித்தனர். அப்பயணங்களின் ஒப்பந்தம், தேதி, கட்டணம் ஆகியவற்றை 1950களின் நடுப்பகுதி முதல் திறம்பட நிர்வகித்தவர் ஸ்க்ரக்ஸின் மனைவி லூயிஸ்.

அதே பத்தாண்டில் ப்ளூகிராஸ் குழுக்களின் வாழ்வாதாரம் சரிந்தது. 1954இல் எல்விஸ் பிரெஸ்லி மன்ரோவின் பாடல் ஒன்றைத் தம் முதல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் பாடி வெளியிட்டார்; அடுத்த சில ஆண்டுகளில் ராக் அண்ட் ரோல் இளைஞர்களை ஈர்த்துக்கொண்டது, நாட்டுப்புற வானொலி மின்கிதாரின் பக்கம் சாய்ந்தது. அந்த நெருக்கடியிலிருந்து இந்த இசையை மீட்டது கோடைத் திருவிழா என்னும் ஏற்பாடு. 1961 ஜூலை 4 அன்று வர்ஜீனியாவின் லூரே என்ற ஊரில் பில் கிளிஃப்டன் ப்ளூகிராஸ் குழுக்களை மட்டும் கொண்டு ஒருநாள் நிகழ்ச்சி நடத்தினார். 1965 செப்டம்பரின் தொழிலாளர் தின விடுமுறையில், அதே மாநிலத்தின் ஃபின்காசில் அருகே ஒரு குதிரைப் பண்ணையில் கார்ல்டன் ஹேனி பல நாட்கள் நீளும் முதல் திருவிழாவை நடத்தினார். அதன் நிறைவு நாளில், மன்ரோவிடம் முன்பு வாசித்து விலகிச் சென்றவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து அவருடன் மீண்டும் வாசிக்கச் செய்து, அதையே இந்த இசையின் வரலாறாகச் சொல்லிக் காட்டினார். தனித்தனிக் குழுக்களாகச் சிதறியிருந்தவர்கள் தாங்கள் ஒரே மரபினர் என்பதை உணர்ந்தது அங்கேதான். 1967 ஜூனில் மன்ரோ இண்டியானாவின் பீன் பிளாசமில் தமக்குச் சொந்தமான இடத்தில் தொடங்கிய விழா இன்றும் அவர் பெயரால் நடந்து வருகிறது. 1970களில் கான்சஸின் வின்ஃபீல்டு, கொலராடோவின் டெல்யூரைடு எனத் திருவிழாக்கள் பெருகின.

ஒவ்வோர் இரவும் ஓர் ஊர் என்றிருந்த வாழ்க்கை, வார இறுதிகளை மையமாகக் கொண்ட வாழ்க்கையாக அதன்பின் மாறியது. வியாழன் முதல் ஞாயிறு வரை திருவிழாக்கள். திங்கள் முதல் புதன் வரை நீண்ட சாலை, பழுது பார்ப்பு, துணி துவைப்பு, இடையே கிடைத்தால் ஒரு சிற்றரங்கக் கச்சேரி. வெள்ளி பிற்பகல் ஒரு மாநிலத்திலும் சனி இரவு அடுத்த மாநிலத்திலும் வாசிக்க ஒப்புக்கொண்ட குழு இரவெல்லாம் ஓட வேண்டும். வசதியுள்ள குழுக்கள் படுக்கை அடுக்குகள் பொருத்திய பேருந்தில் செல்கின்றன. வளரும் குழுக்களுக்குப் பின்னால் இழுவண்டி கோத்த வேன்தான் வீடு. பயணிகள் பேருந்தின் ஓட்டுநர் தொடர்ந்து 8 மணி நேரம் ஓய்வெடுத்த பின்னரே, அதுவும் 10 மணி நேரத்துக்கு மிகாமல், வண்டி ஓட்டலாம் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. தனி ஓட்டுநருக்குச் சம்பளம் தர இயலாத குழுவில் வாத்தியக்காரர்களே முறைவைத்து ஓட்டுகின்றனர். மேடையில் அதிவேகமாக விரல் சுழற்றுபவர் அதற்கு முந்தைய இரவில் ஸ்டியரிங் பிடித்தவராக இருப்பது இத்துறையில் அரிதன்று.

திருவிழா நாளின் அமைப்பு ஏறக்குறைய எங்கும் ஒன்றே. விடியும் முன்பே ரசிகர்கள் மடக்கு நாற்காலிகளை மேடைக்கு எதிரே விரித்துவைத்து விட்டுச் செல்கின்றனர். அந்த நாற்காலியே நாள் முழுவதும் அவர்களுடைய இடத்துக்கு உரிமைச் சீட்டு. ஒரு குழு பிற்பகலில் ஒருமுறையும் இரவில் மறுமுறையும் மேடையேறுவது மரபான ஏற்பாடு. இடைப்பட்ட நேரத்தில் பாஞ்சோ, பிடில் கற்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். மேடையிலிருந்து இறங்கியதும் மேசையருகே நின்று குறுந்தகடும் டி-ஷர்ட்டும் விற்க வேண்டும். அந்த மேசையைக் கடை என்று மட்டும் கருதுவது பிழை. பெயர் சொல்லி நலம் விசாரிக்கும் ரசிகரும், மகனுக்கு எந்தப் பாஞ்சோ வாங்கலாம் என்று கேட்கும் தந்தையும் அங்கேதான் கலைஞரைச் சந்திக்கின்றனர். கலைஞரை ரசிகர் எளிதில் அணுக முடிவது இந்த இசையின் உயிர்ப்பண்பு. ஞாயிறு காலை பக்திப் பாடல்களுக்கு உரியது. முந்தைய இரவு நெடுநேரம் வாசித்த குழுவே, பெரும்பாலும் கிதார், மாண்டலின் துணை மட்டும் கொண்டு, நான்கு குரல்களில் தேவாலயப் பாடல்களைப் பாடுகிறது.

மேடைக் கலையிலும் பயணத்தின் தடம் உண்டு. 1940களில் அரங்குகளில் கிடைத்தது பெரும்பாலும் ஒரே ஒலிவாங்கி. பாடுபவர் அதன் முன் நிற்பார். மெட்டை வாசிக்க வேண்டியவர் சரியான கணத்தில் முன்வருவார். முடித்ததும் பக்கவாட்டில் விலகுவார். பிடிலின் வில் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் படாமலும், பாஞ்சோவின் கழுத்து மாண்டலினில் இடிக்காமலும், பார்ப்பவருக்கு நடனம் போலத் தோன்றும் இந்த இடமாற்றத்தில் ஒலியின் அளவைத் தீர்மானிப்பது ஒலிவாங்கிக்கும் வாத்தியத்துக்கும் இடையே உள்ள தூரம் மட்டுமே. பிற்காலத்தில் ஆளுக்கொரு ஒலிவாங்கி வந்து இம்முறை மறைந்தது; 1990களில் டாயில் லாசன், டெல் மக்கூரி ஆகியோரின் குழுக்கள் அதை மீட்டன. திறந்தவெளியில் காற்று வீசும்போது இதனால் ஒலி சற்றுக் குறைகிறது என்பது உண்மைதான். எனினும் ஐவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்கும் நெருக்கத்தில் நின்று வாசிப்பதால் பிறக்கும் ஒத்திசைவுக்கு எந்தத் தொழில்நுட்பமும் ஈடாவதில்லை.

கோடைப் பயணத்தில் கலைஞர்கள் ஓயாமல் போராடுவது வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும்தான். கிதார், மாண்டலின் ஆகியவற்றின் மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் மெல்லிய பலகை. ஈரக்காற்றில் அது நீர் உறிஞ்சி வீங்குகிறது. வறண்ட காற்றில் சுருங்கி, கவனிக்காவிட்டால் வெடிக்கிறது. சுமார் 45 முதல் 50 சதவீத ஈரப்பதமே மரத்துக்கு உகந்தது. கடல் மட்டத்துக்கு மேல் 8,750 அடி உயரத்தில் உள்ள டெல்யூரைடின் உலர்ந்த காற்றிலோ அந்த அளவு கிட்டாது, ஆகவே வாத்தியப் பெட்டிக்குள் நனைந்த பஞ்சு வைத்த சிறு குப்பியைப் போட்டுவைக்கின்றனர். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, பழைய கிதார்களை ஒட்டப் பயன்பட்ட விலங்குப் பசை இளகித் தந்திகளைத் தாங்கும் பாலம் பெயர்ந்துவிடக்கூடும். எனவே உணவகத்தில் நிறுத்தினாலும் வாத்தியத்தைக் கையோடு எடுத்துச் செல்வது எழுதப்படாத விதி. இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்யப்பட்ட மார்ட்டின் டி-28 கிதார்கள் இக்கலைஞர்கள் மிகவும் விரும்புபவை. அவற்றில் உள்ள பிரேசில் ரோஸ்வுட் மரம் 1992 முதல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலில் இருப்பதால், நாடு கடக்க அவற்றுக்கு உரிய அனுமதித்தாள் வேண்டும்.

பாஞ்சோவின் கதை வேறு. கன்றுத்தோல் போர்த்திய காலத்தில் மழை ஈரத்தில் தோல் தொய்ந்து ஒலி மங்கியது. 1950களின் இறுதியில் பிளாஸ்டிக் படலம் வந்தபின் அத்தொல்லை தீர்ந்தது. ஆயினும் பிற்பகல் வெயிலில் எஃகுத் தந்தி விரிந்து சுருதி இறங்குவதும், அந்தி குளிரில் ஏறுவதும் இன்றும் தொடர்கின்றன. மன்ரோவின் வழியில் பாடகர்கள் உச்சமான சுருதிகளைத் தேர்ந்ததால், பாஞ்சோவிலும் கிதாரிலும் கேப்போ என்னும் இறுக்கியைக் கழுத்தில் பூட்டிச் சுருதியை உயர்த்துகின்றனர்; பூட்டும்போதும் கழற்றும்போதும் மீண்டும் சுருதி கூட்டியாக வேண்டும். பிடில்காரருக்கு இந்த வசதி இல்லை. வெறுந்தந்திகளின் துணையின்றி ஒவ்வொரு ஸ்வரத்தையும் விரலால் கண்டுபிடித்து வாசிக்க அவர் பழகியிருக்க வேண்டும்.

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கிடையே இந்த இசை தலைமுறை தாண்டி வந்ததற்குக் காரணம், பயணக் குழுவே குருகுலமாக விளங்கியதுதான். மன்ரோவின் 'ப்ளூ கிராஸ் பாய்ஸ்' குழுவில் ஏறத்தாழ 60 ஆண்டுகளில் 150க்கும் மேற்பட்டோர் வாசித்தனர். 1963இல் அதில் கிதார் வாசித்துப் பாடிய டெல் மக்கூரி, பின்னர் தம் மகன்கள் ரானியையும் ராபையும் சேர்த்துக்கொண்டு சொந்தக் குழு நடத்தினார். 2008 முதல் மேரிலாண்டின் கம்பர்லாண்டில் அவர் பெயரிலேயே கோடைத் தொடக்க விழா நடக்கிறது. பதின்வயதுச் சிறுவர்களான ரிக்கி ஸ்காக்ஸும் கீத் விட்லியும் 1970களின் தொடக்கத்தில் மூத்த ப்ளூகிராஸ் கலைஞர் ரால்ஃப் ஸ்டான்லியின் பேருந்தில் ஏறினர்; இருவரும் பிற்காலத்தில் நாட்டுப்புற இசையின் முன்னணிப் பாடகர்களாயினர். பாடத்திட்டமோ தேர்வோ அங்கே இல்லை. இரவுப் பயணத்தில் மூத்தவர் முனகும் மெட்டும், மேடையில் தவறினால் அவர் திரும்பிப் பார்க்கும் பார்வையும், மறுநாள் அதே பாடலை மீண்டும் வாசிக்கும் வாய்ப்புமே கல்வி.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. 1953 ஜனவரியில் மன்ரோவும், 1955 அக்டோபரில் ஏர்ல், லூயிஸ் ஸ்க்ரக்ஸ் தம்பதியும் கார் விபத்துகளில் படுகாயமுற்றனர். கிதாரில் மெட்டு வாசிக்கும் கலையையே மாற்றியமைத்த கிளாரன்ஸ் ஒயிட், 1973 ஜூலையில் கலிஃபோர்னியாவின் பாம்டேலில் கச்சேரி முடித்துப் பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு ஓட்டிவந்த ஒருவரின் கார் மோதி 29 வயதில் இறந்தார். மாதச் சம்பளமோ மருத்துவக் காப்பீடோ இல்லாத கலைஞர்கள் நோயுற்றால் சக கலைஞர்கள் நடத்தும் உதவிக் கச்சேரிகளே துணையாக இருந்தன. 1985இல் தொடங்கப்பட்ட சர்வதேச ப்ளூகிராஸ் இசைச் சங்கம் இரண்டே ஆண்டுகளில் நிவாரண நிதி ஒன்றை நிறுவ நேர்ந்தது அந்த நிலையின் சான்று. இத்தகைய வாழ்க்கையை அறிந்தே மறுத்தவர்களும் உண்டு. 1971இல் வாஷிங்டன் பகுதியில் உருவான 'செல்டம் சீன்' குழுவில் ஒருவர் அறுவை மருத்துவர், ஒருவர் கணிதவியலாளர், ஒருவர் நிலப்பட வரைஞர். அவர்கள் வேலையை விடாமல் வாரம் ஒருநாள் உள்ளூர் விடுதியில் வாசித்தே முதல்தரக் குழுவாக மதிக்கப்பட்டனர். அவர்களுடைய முடிவு நியாயமானது. எனினும் எல்லோரும் அவ்வழியை மேற்கொண்டிருந்தால் ஸ்காக்ஸ், விட்லி போன்ற சிறுவர்களுக்கு ஏறப் பேருந்து கிடைத்திருக்காது.

2020ஆம் ஆண்டின் கோடை முழுவதும் பெருந்தொற்றால் திருவிழாக்கள் நின்றபோது, இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது வெளிப்பட்டது. அதன்பின் வந்த ஆண்டுகள் நம்பிக்கை தருகின்றன. 1992இல் பிறந்த பில்லி ஸ்ட்ரிங்ஸ் பெரும் விளையாட்டரங்குகளை நிரப்புகிறார். சர்வதேச ப்ளூகிராஸ் இசைச் சங்கத்தின் சிறந்த கிதார் கலைஞர் விருதை 2017இல் பெற்று, அதைப் பெற்ற முதல் பெண்ணான மோலி டட்டில், கிராமி விருதுகளையும் வென்றுள்ளார். ஆனால் இவர்களின் வெற்றியைக் கொண்டு ஒரு துறையின் நலத்தை அளப்பது தவறு. வேனில் செல்லும் சிறு குழுக்களுக்கு எரிபொருள் செலவும் விடுதிக் கட்டணமும் ஏற, இணையத்தில் பாட்டு கேட்கும் பழக்கத்தால் குறுந்தகடு விற்பனை குறைய, பயணத்தின் கணக்கு ஒவ்வோர் ஆண்டும் இறுகி வருகிறது. நடுத்தர அளவிலான திருவிழாக்கள் நிலைத்தால்தான் அடுத்த தலைமுறைக் குழுக்களும் நிலைக்கும்.

பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் அமெரிக்கா செல்லும் தமிழ்ப் பெற்றோர் பலர் ஜூன், ஜூலை மாதங்களை வீட்டுக்குள்ளேயே கழிக்கின்றனர். அருகில் ஒரு ப்ளூகிராஸ் திருவிழா நடக்கிறதா என்று அவர்கள் விசாரித்துப் பார்க்கலாம். மேடை நிகழ்ச்சி முடிந்தபின் உடனே கிளம்பிவிடாமல், ரசிகர்கள் தங்கியிருக்கும் கூடாரங்களுக்கும் வீட்டு வண்டிகளுக்கும் இடையே சற்று நடந்துவர வேண்டும். அங்கே வட்டமாக அமர்ந்து நள்ளிரவு தாண்டியும் வாசிப்போரில் விவசாயியும் ஆசிரியையும் பத்து வயதுச் சிறுமியும் இருப்பர், புதியவர் நின்று கேட்பதை அவர்கள் தடுப்பதில்லை. திரும்பும்போது கலைஞர்களின் விற்பனை மேசையில் ஒரு குறுந்தகட்டை விலைகொடுத்து வாங்குவது நல்லது. அடுத்த ஊர் வரை செல்லும் எரிபொருளுக்கு அந்தப் பணம் உதவும்.